ஓடு செய்த கை

முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் செட்டிநாட்டு வீட்டின் முன்னால்தான் முதலில் நிற்கிறார்கள். நிற்கத் தகுந்த வீடுதான். வாசல் நிலையில் இருக்கும் செதுக்கு வேலையை மட்டும் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் போக்கலாம். நானும் பார்த்தேன். ஆனால் அன்றைய பகலில் பெரும்பகுதியை நான் கழித்தது குயவர் உட்கார்ந்திருந்த தாழ்வாரத்தில். இந்த வளாகத்தைப் பற்றிச் சொல்வதானால் அவர் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் இதைத் திறந்தது. வளாகத்துக்கு முதலில் வடிவம் கொடுத்தவர் லாரி பேக்கர். அந்த வேலையைத் தொடர்ந்தவர் பென்னி குரியாகோஸ். பத்து ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தெற்கத்திய வீடுகள் 18 நிற்கின்றன. பெரும்பாலானவை மாதிரிக்குக் கட்டியவை அல்ல. இடிக்கப்பட இருந்த வீடுகளை விலைக்கு வாங்கி, அளந்து, தூணுக்கும் உத்திரத்துக்கும் எண் போட்டுப் பிரித்து, லாரியில் கொண்டுவந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்வீடனில் ஆர்தர் ஹாசேலியுஸ் 1891-ல் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது கையாண்ட வழியும் இதுதான். வீட்டோடு தொழிலாளியையும் கூட்டிவந்து உட்கார வைத்தால்தான் வீடு பேசும் என்பது அவருடைய எண்ணம்.

தட்சிணசித்ராவில் வீட்டைப் பேச வைக்கிறவர்களில் ஒருவர் இந்தக் குயவர். அறுபதைத் தாண்டிய வயது. பக்கத்தில் அவர் மனைவி மண் மிதித்துக்கொண்டிருந்தார். ஏரிக் களிமண்ணோடு சவுட்டு மண்ணும் மணலும் சேர்த்து, தண்ணீர் தெளித்து, குதிகாலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டம் வட்டமாக மிதித்து வருகிறார். காலில் ஒரு பொடிக்கல் பட்டால் உடனே குனிந்து எடுத்து எறிகிறார். கடுகளவு கல் தங்கிவிட்டாலும் சூளையில் அந்த இடம் வெடித்துவிடும்.

"மண்ணு மிதிக்கிறத யாரும் போட்டோ எடுக்கிறதில்ல தம்பி. சக்கரம் சுத்துனாத்தான் எல்லாரும் வருவாங்க" என்றார் அந்த அம்மா, மிதிப்பதை நிறுத்தாமலே.

அவர் சொன்னது சரிதான். சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மண் உருண்டை எழும்பிக் கழுத்தாகி, விளிம்பு விரிந்து, கண் முன்னே பானையாகிறது. கைத்தட்டல். அதோடு கூட்டம் கலைந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. உண்மையில் பானை அப்போது பாதிகூட முடியவில்லை. சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்ததைப் பெரியவர் தூக்கிக் காட்டினார். அதற்கு அடி இல்லை. கீழ்ப்பக்கம் தடித்த சுவரோடு திறந்து கிடக்கிறது.

"ஐயா, அடி எப்போ வைப்பீங்க?"

"வைக்கிறதில்ல தம்பி, தட்டி வர வைக்கணும்."

முந்தின நாள் வனைந்து, நிழலில் பாதி காய்ந்திருந்த பானையை மடியில் சாய்த்துக்கொண்டார். இடது கை உள்ளே போயிற்று. அதில் உள்ளங்கைக்கு அடங்கும் உருண்டைக் கல். வலது கையில் மரத் தட்டுப்பலகை. பலகை மண்ணில் ஒட்டாமலிருக்க அவ்வப்போது சாம்பலைத் தொட்டுக்கொள்கிறார். வெளியே பலகை விழும் இடத்துக்கு நேர் உள்ளே கல் காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கல் எங்கே இருக்கிறது என்பது அவருடைய இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும். தட்டத் தட்டத் தடித்த சுவர் மெலிந்து நீள்கிறது, வாய் சுருங்குகிறது, கடைசியில் மூடிக்கொள்கிறது. முதலில் தொப்பென்று விழுந்த அடி, சுவர் மெலிய மெலியக் கணீரென்று மாறுவதை நானே கேட்டேன். அந்தச் சத்தம்தான் அவருக்கு அளவு. கனம் ஒரே சீராக வந்துவிட்டதா என்று அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார். மானாமதுரைக் கடத்துக்கு நாதம் கொடுப்பதும் இதே பலகை வேலைதான். அடுப்பில் ஏறும் சோற்றுப்பானைக்கும் கச்சேரி மேடைக்குப் போகும் கடத்துக்கும் தொழில் ஒன்றுதான், பொறுமையில்தான் வித்தியாசம்.

கல்லைக் கீழே வைத்துவிட்டு அவர் மேலே கை காட்டினார். "அதுவும் சக்கரத்துல பண்ணதுதான்."

அவர் காட்டியது கூரையை. அதுவரை நான் கூரையைத் தச்சர் வேலையாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். நாட்டு ஓடு செய்யும் முறையை அவர் சொல்லக் கேட்டபோது அந்த வளாகமே எனக்கு வேறாகத் தெரிந்தது. ஒரு முனை அகன்று மறுமுனை ஒடுங்கிய குழாயாக மண்ணைச் சக்கரத்தில் எழுப்புவார்கள். ஈரம் இருக்கும்போதே எதிரெதிரே இரண்டு பக்கமும் நெடுக்குக் கோடு கீறி வைப்பார்கள். பாதி காய்ந்ததும் மெல்லத் தட்டினால் குழாய் பிளந்து இரண்டு ஓடாகும். சூளையில் சுட்ட பிறகு ஒரு வரிசையை மல்லாத்தி, அதன் மேல் ஒரு வரிசையைக் கவிழ்த்துக் கூரையில் அடுக்குவார்கள். ஆணி கிடையாது. காற்று உள்ளே நுழைந்து வெளியேறும். சித்திரை வெயிலில்கூட வீட்டுக்குள் இருக்க முடியும். பூனை ஓடினால், தேங்காய் விழுந்தால் உடையும். ஆகவே ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு மாற்றுவார்கள். ஊரில் குயவர் இருந்தால்தான் ஊரில் கூரை இருக்கும். அடுக்களையில் பானை, அய்யனார் கோயிலில் குதிரை, தலைக்கு மேலே ஓடு என்று ஒரே மண்ணில் மூன்று வேலைகள் அவர்களுக்கு இருந்தன.

அந்தக் கூரை வேலைதான் முதலில் போயிற்று. பேசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அச்சில் அழுத்தி எடுத்த தட்டை ஓடுகள் ஒன்றோடொன்று கொக்கி போலப் பிடித்துக்கொண்டன. எண்ணிக்கையும் குறைவாகப் போதும். அதன் பின் சிமென்ட் வந்தது. ஓட்டுக்குப் பிறகு பானையை அலுமினியமும் எவர்சில்வரும் எடுத்துக்கொண்டன. "எங்க அப்பா காலத்துல கோல் போட்டுச் சக்கரம் சுத்தி, ஓடு மட்டுமே பண்ணுவாரு. நான் பண்ணி வருஷம் ஆச்சு" என்றார் பெரியவர். கை மறந்திருக்காதா என்று கேட்டதற்கு, "கை மறக்காது. கேக்கத்தான் ஆளில்ல" என்றார்.

மண் கிடைப்பதும் நெடுங்காலமாகச் சிக்கல்தான். ஏரியில் ஒரு வண்டி மண் எடுப்பதற்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்த கதை இந்தத் தொழிலில் இருக்கும் எந்தக் குடும்பத்திலும் உண்டு. விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு ஏரி, குளங்களில் கட்டணமின்றி மண் எடுக்கலாம் என்று தமிழக அரசு 2024-ல் விதியை எளிதாக்கியது. செய்ய வேண்டியதைச் செய்தார்கள். மண் வந்தால் மட்டும் போதாது, வாங்குகிறவரும் வர வேண்டும்.

பிற்பகலில் மற்ற வீடுகளையும் பார்த்தேன். விசாகப்பட்டினம் பக்கத்து வட்ட வீட்டின் கூரை, புயல் காற்றுக்குப் பிடிகொடுக்காமல் ஏறக்குறையத் தரைவரை தாழ்ந்திருக்கிறது. புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நெல் வைக்கும் மர அறைதான் வீட்டின் நடு. எல்லாம் அழகு. ஆனால் அக்ரகார வரிசையைக் கடக்கும்போது என் கண் தூணையும் திண்ணையையும் விட்டுக் கூரைக்கே போயிற்று. ஒவ்வொரு ஓட்டிலும் விரல் ஓடிய வரிகள் தெரிகின்றன. வீட்டை எண் போட்டுப் பிரித்து வேறிடத்தில் நிறுத்திவிடலாம். உடைந்த ஓட்டுக்கு மாற்று ஓடு செய்யும் கை வேண்டுமே! அந்தக் கைக்கு வேலை கொடுக்காமல் வீட்டை மட்டும் காப்பாற்றினோம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. குயவரையும் நெசவாளியையும் உட்கார வைத்துச் சம்பாத்தியத்துக்கு வழி செய்வதால்தான் தட்சிணசித்ராவை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு வளாகம் எத்தனை குடும்பங்களைத் தாங்கும்?

ஊரில் பழைய நாட்டோட்டு வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூரையைப் பிரித்துத் தகரம் போடுவதற்கு முன், உங்கள் வட்டாரத்தில் சக்கரம் வைத்திருக்கும் குடும்பம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். தை, மாசியிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். ஏரி வற்றும் கோடையில்தான் மண் எடுக்க முடியும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓடு காயாது, சூளையும் எரியாது. முன்பணம் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.