மேலே போவோம்



"சாமியார் கடலுக்கடியில் போய் வந்தாராமே!" என்று தாம்பரம் முதல் சேலையூர் வரை பேச்சு நடந்ததை யாம் அறிவோம். கோயில் வாசலில் நேரில் கேட்டவர் சிலர். கேளாமல் புன்னகைத்தவர் பலர். ஐம்பத்தாறு வயதில் ஒரு பங்குக் குருவுக்கு இது வேண்டுமா என்று வருந்திய முதியவர்களும் உண்டு. எல்லாருக்கும் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அதோடு, நம் பங்கின் மகள் ஒருத்திக்கு யாம் இழைத்த தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. அதை எழுத அவளே இசைவு தந்தாள்.

எம் குருத்துவ வெள்ளி விழா நிறைவுற்றபோது, உடன்பிறந்தோர் சேர்ந்து ஒரு பரிசளிக்க முன்வந்தனர். தமக்கையின் மகன் அந்தமானில் கடலில் மூழ்கும் கலையைக் கற்பிக்கும் பணியில் இருக்கிறான். "மாமா, இருபத்தைந்து ஆண்டுகளாக மற்றவர்களைக் கரையேற்றும் வேலை செய்கிறீர்கள், ஒரு வாரம் என்னோடு கடலில் இறங்குங்கள்" என்றான். பங்குப் பணத்தில் ஒரு காசும் இதற்குச் செலவாகவில்லை என்பதை, கணக்குக் கேட்கும் அன்பர்களுக்காகக் குறித்துவிடுகிறோம்.

அவன் ஏற்பாடு செய்தது வெறும் ஒரு நாள் மூழ்கல் அன்று. படகிலேயே உண்டு, படகிலேயே உறங்கி, விடிந்ததும் படகிலிருந்தே கடலில் இறங்கும் பயணம். கரீபியன் கடலிலும் செங்கடலிலும் மாலத்தீவிலும் இத்தகைய தங்கு படகுகள் மிகுதி; நம் நாட்டில் மிகச் சிலவே. கரைக்குத் திரும்பும் நேரம் மிச்சமாவதால், ஒரே நாளில் மூன்று நான்கு முறை மூழ்கலாம் என்பது அதன் நன்மை. பிடிக்காவிட்டால் எழுந்து வீட்டிற்குப் போய்விட முடியாது என்பது அதன் தொல்லை.

நினைத்தவுடன் போய்விடவும் இயலாது. முதலில் மருத்துவச் சோதனை செய்துகொண்டோம். எம் இதயத்தையும் காதுகளையும் மருத்துவர் சோதித்துச் சான்று தந்தார். பின்னர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு நீச்சல் குளத்தில், எம் வயதில் பாதியும் நிரம்பாத இளைஞர்களோடு பயிற்சி. முதல் பாடம்: மூச்சை ஒருபோதும் அடக்கலாகாது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் நம்மீது அழுந்தும் அழுத்தம் இருமடங்காகிறது. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், நெஞ்சுக்குள் அந்தக் காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும்.

இரண்டாம் பாடம் கைச்சைகைகள். நீருக்கடியில் பேச்சு இல்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து வட்டமானால் 'நலம்' என்று பொருள். கட்டைவிரலை மட்டும் உயர்த்திக் காட்டினால், கரையிலே அது 'வெற்றி'. கடலிலே அது 'மேலே போவோம்' என்னும் வேண்டுகோள். அதைப் பற்றி மருமகன் கூறிய விதியை அப்போது யாம் பெரிதாக எண்ணவில்லை. "யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் கட்டைவிரலை உயர்த்தலாம் மாமா. உயர்த்தியவுடன் உடன் இருப்பவர் மேலே வந்தாக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது."

இதைக் கேட்டபோது எமக்கு முத்துக்குளித்துறை நினைவுக்கு வந்தது. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்று, 1542இல் புனித சவேரியாரை வரவேற்ற அந்தப் பரதவ மக்களின் கரையில், குளியாள் ஒரு கல்லின் கனத்தால் ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்திற்கு இறங்குவான். மேலே எடுத்த ஒரே மூச்சுத்தான் அவன் முதல். படகில் ஒருவன் கயிற்றைப் பிடித்திருப்பான். அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வது வழக்கம்; தன் உடன்பிறந்தாளின் தாலியை நினைத்தாவது அவன் அயர்ந்துவிட மாட்டானாம். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. 1943இல் கூஸ்தோ, காஞ்ஞான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர் அமைத்த மூச்சுக்கருவியின் வழித்தோன்றலைத்தான் இன்று முதுகில் சுமக்கிறோம். கயிறு போய்விட்டது, உடன் இறங்கும் துணைவர் அதன் இடத்தில் இருக்கிறார்.

மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேல் பறந்து, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வழங்கும் போர்ட் பிளேயரை அடைந்தோம். 2018இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக் தீவின் அருகே எம் படகு நான்கு இரவுகள் தங்கியது. எம்மையும் சேர்த்துப் பன்னிருவர். அறை எம் மேசையைவிடச் சற்றே பெரிது. விடியற்காலையில் அங்கேயே தனித்துத் திருப்பலி நிறைவேற்றினோம். படகு ஆடியதால் இரசக் கிண்ணத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டே செபிக்க வேண்டியிருந்தது.

முதல் மாலையில் படகின் தலைவர் எல்லாரையும் அமர்த்தி, தீப்பிடித்தால் எந்த வழியாக ஏறி வருவது என்று நடத்திக் காட்டினார். இரவு முழுதும் ஒருவர் முறைவைத்து விழித்திருப்பார் என்றும் சொன்னார். காரணத்தை மருமகன் பின்னர் விளக்கினான். 2019 செப்டம்பர் 2ஆம் நாள், கலிபோர்னியாக் கடலில் 'கன்செப்ஷன்' என்னும் தங்கு படகு இரவில் எரிந்து, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் மாண்டனர். அந்நேரம் சுற்றி வந்து காவல் காத்தவர் எவருமில்லை என்று அரசு விசாரணை கண்டது. இத்தகைய படகில் போக விரும்பும் இளைஞர்கள் நம் பங்கில் இருந்தால், கட்டணத்தைக் கேட்கும் முன் 'இரவில் விழித்திருப்பவர் யார்?' என்று கேட்கட்டும். விழித்திருக்கும் ஊழியனைப் பற்றிய உவமையை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அன்றுதான் அதன் பொருளைப் படுக்கையில் கிடந்தபடி உணர்ந்தோம்.

மறுநாள் காலை இறங்கினோம். நீர் தெளிவாகவே இருந்தது. காதுகளைச் சரிசெய்துகொண்டு படிப்படியாக ஒன்பது மீட்டர் போனபோது, முகக்கண்ணாடிக்குள் சிறிது நீர் கசிந்தது. சிறிதுதான், மூக்கால் காற்றை ஊதினால் வெளியேறிவிடும். குளத்தில் இருபது முறை செய்த பயிற்சி. ஆயினும் அந்தக் கணத்தில் கை மறந்தது, மனம் மறந்தது. மூச்சு விரைந்தது, எவ்வளவு இழுத்தாலும் போதவில்லை. மற்றவர்கள் அமைதியாக நீந்திக்கொண்டிருந்தார்கள். 'இத்தனை இளைஞர் முன் ஒரு குருவானவர் அஞ்சுவதா? இன்னும் சற்றுப் பொறுத்துக்கொள்' என்று எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். அரை நிமிடம் கழிந்திருக்கலாம். பிறகு கட்டைவிரலை உயர்த்தினோம்.

மருமகன் உடனே எம் எதிரே வந்தான். அவனும் கட்டைவிரலை உயர்த்தினான். அது 'புரிந்தது, போவோம்' என்னும் விடை. எம் கையைப் பற்றி, மூச்சை வெளியே விடுமாறு காட்டினான். விரைந்து ஏறினால் உடலில் கரைந்த காற்று குமிழாகித் தீங்கு செய்யும் என்பதால், எம் அவசரத்தை அடக்கி மெல்ல மெல்ல ஏற்றினான். மேலே வந்ததும் எம் காற்றுச் சட்டையை ஊதி மிதக்கவிட்டான். அவன் முகத்தில் ஏமாற்றம் இல்லை. உதட்டில் 'என்ன மாமா ஆயிற்று?' என்னும் கேள்வியும் இல்லை. படகில் ஒருவர் துண்டு கொடுத்தார். ஒருவர் தேநீர் கொடுத்தார். எவரும் எதுவும் கேட்கவில்லை. எம் பொருட்டு அவனும் அந்த மூழ்கலை இழந்தான். "நீங்கள் சொன்னதுதான் சரி மாமா" என்று மட்டும் கூறினான்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மேல்தளத்தில் காவலிருந்தவர் அருகே அமர்ந்திருந்தபோது, அதற்கு முந்திய ஆண்டில் எம் பங்கு அலுவலகத்தில் கேட்ட குரல் ஒன்று மீண்டும் கேட்டது.

மணமாகி மூன்றாண்டு ஆன பெண். கைக்குழந்தையோடு வந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, அலுவலகத்தில், பகலில், மேசைக்கு எதிரே நின்று சொன்னாள்: "முடியவில்லை சாமி." கணவன் கை நீட்டுகிறான் என்றாள். யாம் என்ன சொன்னோம்? "பொறுத்துக்கொள் மகளே; சிலுவை இல்லாத குடும்பம் உண்டா?" என்றோம். செபமாலை ஒன்றைக் கொடுத்தனுப்பினோம். நான்கு மாதம் கழித்து மறுபடி வந்தாள். அதே சொல். யாமும் அதே விடை கூறினோம். இம்முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கூறினோம். மூன்றாம் முறை அவள் எம்மிடம் வரவில்லை. முறிந்த கையோடு தாய்வீட்டிற்குப் போனாள் என்று பிறர் சொல்லக் கேட்டோம்.

கயிறு அசைந்தது, பிடித்திருந்தவர் யாம். மேலே நல்ல காற்றை மூச்சிழுத்துக்கொண்டு, கீழே இருந்தவளிடம் 'இன்னும் சற்றுப் பொறு' என்றோம். முத்துக்குளிக்கும் படகில் அப்படிச் சொல்லும் மைத்துனன் இருந்திருந்தால் ஊர் அவனை என்ன செய்திருக்கும்?

அறியாமல் செய்தோம் என்று சொல்லவும் வழியில்லை. உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து விளைவிக்கும் துணைவரைவிட்டுப் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 1153ஆம் எண்ணில் கூறுகிறது. தாமதம் ஆபத்தானால், மேலிடத்து முடிவுக்குக் காத்திராமல் தாமாகவே பிரியலாம் என்றும் அதுவே கூறுகிறது. குருமடத்தில் அதைப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் யாம். சில வேளைகளில் இத்தகைய பிரிவு அறநெறிப்படியே தேவையாகலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் தம் குடும்ப மடலில் எழுதியதையும் வாசித்தவர்கள். ஏட்டிலிருந்தது கைக்கு வரவில்லை.

மறுநாள் மீண்டும் இறங்கினோம். கண்ணாடியில் நீர் கசிந்தது, ஊதி வெளியேற்றினோம். அச்சம் முற்றும் போகவில்லை. ஆனால், கட்டைவிரலை உயர்த்தினால் அழைத்துச் செல்ல ஒருவன் இருக்கிறான் என்பது தெரிந்திருந்தது. அந்த உறுதியே மூச்சைச் சீராக்கியது. பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், 2010ஆம் ஆண்டின் கடல் வெப்பத்தில் வெளுத்துப்போன அந்தமான் பவளங்களின் நடுவே புதிதாய்த் தழைத்தவற்றையும், கடற்சாமந்தியின் கரங்களுக்குள் ஒளிந்து எட்டிப் பார்த்த சிறு மீன்களையும் கண்டோம். ஆழத்தில் சிவப்பு நிறம் மங்கிவிடுகிறது. மருமகன் விளக்கை ஏற்றியபோதுதான் சாம்பலாய்த் தெரிந்த பவளம் குருதிச் சிவப்பு என்று தெரிந்தது. படைத்தவரைப் போற்றினோம். திரும்புகையில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று ஏறினோம்.

இறுதி மூழ்கலுக்கும் விமானப் பயணத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது கழிய வேண்டும் என்பது விதி. அந்த ஓய்வில் ஞாயிறு பிறந்தது. ஸ்ரீ விஜயபுரத்தில் 'கடலின் விண்மீன்' என்னும் அன்னையின் பேராலயத்தில் மக்களோடு கடைசி வரிசையில் அமர்ந்து திருப்பலி கண்டோம்.

ஊர் திரும்பிய இரண்டாம் நாள் அந்த மகளின் தாய்வீட்டிற்குச் சென்றோம். கை தேறியிருந்தது, முழங்கை மட்டும் நேராக நீளவில்லை. "மகளே, நீ சொன்னதை யாம் கேட்கவில்லை. மன்னித்துக்கொள்" என்றோம். அவள் வெகுநேரம் பேசவில்லை. குழந்தையை மடியில் மாற்றி வைத்துக்கொண்டு, "அன்றைக்கு நீங்கள் பிரிந்து போ என்று சொல்ல வேண்டும் என்று நான் வரவில்லை சாமி. 'உட்காரம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்" என்றாள். மன்னித்தேன் என்று அவள் கூறவில்லை. கேட்டுப் பெறும் உரிமை எமக்கும் இல்லை.

குடும்பத்தாரே, திருமணத்தின் புனிதத்தை யாம் குறைத்துப் பேசவில்லை. மேலே வருவது கடலைத் துறப்பதாகாது. யாமே மறுநாள் இறங்கினோம் அல்லவா? ஆனால் எம்மை எவரும் நெட்டித் தள்ளவில்லை. மூச்சு முட்டியவர் முதலில் மேலே வரட்டும். மீண்டும் இறங்குவதா என்பதை, நீர் பாதுகாப்பானது என்று கண்டபின், அவரே முடிவு செய்யட்டும். மாமியாரே, தந்தையே, தமையனே, உங்கள் வீட்டில் ஒருவர் "முடியவில்லை" என்று சொன்னால், 'ஏன்' என்று கேட்குமுன் கையைப் பற்றுங்கள். ஆபத்து நெருங்கினால் 181 என்னும் மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அதை அழைப்பது பாவமன்று.

எம் அலுவலகத்தில் இப்போது மேசைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள் இட்டிருக்கிறோம். கடிகாரத்தை வந்தவருக்குப் பின்புறச் சுவரிலிருந்து கழற்றிவிட்டோம். வருகிறவர் அமர்ந்த பின்னரே பேச்சைத் தொடங்குகிறோம்.

கடல்மீது நடந்த ஆண்டவர், மூழ்கத் தொடங்கிய பேதுருவின் கையை முதலில் பற்றினார். நம்பிக்கைக் குறைவைப் பற்றி அதன் பின்னரே கேட்டார். அந்த வரிசையை நாமும் மறவாதிருப்போமாக. இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.