வடிகட்டி என்ற சொல்லும் அதற்குள் குடியிருக்கும் உயிர்களும்

வடிகட்டி என்றதும் தமிழர் மனத்தில் முதலில் தோன்றுவது தேநீர் வடிகட்டிதான். தூள் மேலே தங்கும். சாறு கீழே இறங்கும். மராத்தியில் அதே சாதனத்துக்குக் காளணி என்று பெயர். காள் என்றால் வண்டல். ஃபில்ட்டர் என்ற சொல்லின் வேரைத் தேடினால், கம்பளி மயிரை அமுக்கிச் செய்த துணியைக் குறிக்கும் ஃபில்ட்ரம் என்னும் இடைக்கால இலத்தீன் சொல்லுக்குச் சென்று சேரலாம். மூன்று சொற்களுக்குள்ளும் இருக்கும் படம் ஒன்றே: அழுக்கைப் பிடித்து நிறுத்தும் ஒரு தடுப்பு. வீட்டு மீன்தொட்டிக்கு ஃபில்ட்டர் வாங்கப் போகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்வது இந்தப் படந்தான். பல நேரங்களில் அவரைத் தவறான பெட்டியோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதும் இதுவே.

சிஞ்ச்வட்டில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெரியவருக்கு நேர்ந்தது அப்படிப்பட்ட ஒன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பேத்திக்காக இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கினார். நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர்; விளிம்புவரை நிரப்பினால் 54 லிட்டர். ஃபில்ட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பார்த்தது ஒரே ஓர் எண்ணை: மணிக்கு எத்தனை லிட்டர்? 800 லிட்டர் என்று அட்டையில் அச்சிட்டிருந்த ஒன்றை வாங்கி வந்தார். நீர் வேகமாகச் சுழன்றது. ஏழு தங்கமீன்களும் அந்த நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி நீந்தி மூலைகளில் ஒதுங்கின. ஆனாலும் தண்ணீர் தெளிவாக இருந்தது. இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது என்று அவர் நிறைவடைந்தார்.

மூன்றாம் மாதம், குழாயில் நீர் வந்த ஒரு நாளில், ஃபில்ட்டரைக் கழற்றினார். உள்ளிருந்த பஞ்சு பழுப்பேறி வழவழவென்றிருந்தது. பீங்கான் வளையங்கள் மீதும் அதே வழவழப்பு. ஓடும் குழாய் நீரில் தூரிகையால் தேய்த்து, எல்லாம் புதிதுபோல வெளுக்கும்வரை கழுவி மாட்டினார். மூன்றாம் நாள் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தத்தளித்தன. ஒரு வாரத்துக்குள் ஐந்து மீன்கள் இறந்துவிட்டன. அத்தனை நாளும் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்திருந்ததுதான் அவரை நிலைகுலையச் செய்தது. மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அடுத்த வீட்டுக் கல்லூரி மாணவர் அம்மோனியா சோதனைக் குப்பியைக் கொண்டுவந்து சில துளிகள் விட்டபோது, மஞ்சளாக இருக்கவேண்டிய நீர் அடர்பச்சையாக மாறியது.

மீன் உண்ணும் புரதத்தின் கழிவு, பெரும்பாலும் அதன் செவுள்கள் வழியே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. அம்மோனியாவுக்கு நிறமில்லை, எவ்வளவு நுண்ணிய பஞ்சும் அதைப் பிடித்து நிறுத்தாது. அதை மாற்றக்கூடியவை உயிர்களே. சில நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சு, அது மீனின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் செய்கிறது. வேறு சில நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால், சில நீர்ச்செடிகளும் இருந்தால், அதைக் கட்டுக்குள் வைக்கலாம். இந்த நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீரில் மிதந்து வாழ்வதில்லை. பரப்புகளில் ஒட்டி, மெல்லிய படலமாக வளர்கின்றன. பெரியவர் தேய்த்துக் கழுவிய வழவழப்பில் இருந்தவை அவைதான்.

இது அண்மைக்கால அறிவன்று. 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்னும் இருவர், மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே கழிவுநீரை மெல்ல இறங்கவிட்டனர். ஏறத்தாழ 20 நாள்கள் அம்மோனியா மாற்றமின்றியே வெளிவந்தது. பிறகு அது குறைந்து நைட்ரேட் தோன்றத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. மண் கரைத்த நீரைச் சிறிது ஊற்றியதும் மீண்டும் தொடங்கியது. மணல் வெறும் சல்லடையாக மட்டும் இருந்திருந்தால் 20 நாள் காத்திருப்பு எதற்கு? குளோரோஃபார்மில் அது மயங்குவானேன்? மணலில் உயிர் குடியேறியிருந்தது என்பதே விடை. இன்றைய மீன்தொட்டி ஃபில்ட்டர் அந்தக் குழாயின் பேரப்பிள்ளை.

சிஞ்ச்வட்டின் குழாய் நீரை இங்கே சற்று கவனிக்க வேண்டும். பவனா அணையிலிருந்து ஆற்றில் வரும் நீரை ராவேத்தில் ஏற்றி, நிக்டியிலுள்ள நிலையத்தில் சுத்திகரித்து, மாநகராட்சி வழங்குகிறது. 2019 நவம்பரில் ஒருநாள் விட்டு ஒருநாள் வழங்கும் முறை வந்தது. குழாயில் வரும் நீரில் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரவிதி அதற்குக் குறைந்த அளவாக லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் என்று வகுத்திருக்கிறது. மனிதர் நலத்துக்கு அது தேவை. ஆனால், நுண்ணுயிரைக் கொல்வதற்கென்றே சேர்க்கப்படும் பொருள், பஞ்சில் வாழும் நுண்ணுயிரை மட்டும் விட்டுவைக்காது. அடுத்துள்ள பிம்பிரியில் 1954-இல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவப்பட்டு, பெனிசிலின் செய்யப்பட்டது. கிருமியை வென்றதைப் பெருமையாகக் கருதும் காலத்தின் பிள்ளைகள் நாம். தூய்மை என்றால் கிருமியின்மை என்று பழகிய மனத்துக்கு, கிருமி குடியிருந்தால்தான் மீனுக்கு நீர் தூயது என்பதை ஏற்பது எளிதன்று.

பெரியவருக்கு அதை விளங்கவைத்தது வேதியியல் அன்று, அவர் மனைவி. மாணவர் சொன்னதையெல்லாம் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: “ஏங்க, உறை மோரைக் கொட்டிக் கழுவிட்டு, பால் ஏன் தோயலைன்னு கேட்டா எப்படி?”

ஃபில்ட்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. தொட்டி ஃபில்ட்டர் செய்யும் பணிகள் மூன்று. மிதக்கும் கழிவைப் பிடிப்பது ஒன்று; அம்மோனியாவை மாற்றும் உயிர்களுக்கு இடம் தருவது இரண்டு; கரைந்துள்ள நிறத்தையும் மணத்தையும் உறிஞ்சுவது மூன்று. மூன்றாவதைச் செய்வது தூண்டப்பட்ட கரி. கொட்டாங்கச்சியிலிருந்தும் அது தயாராகிறது. சில வாரங்களில் அது நிறைந்து செயலிழந்துவிடும்; மீனுக்கு மருந்திட்டால் மருந்தையும் உறிஞ்சிவிடும். ஆகவே கரி இல்லாமலும் தொட்டி நடக்கும். முதற்பணி கண்ணுக்கு இதம். இரண்டாம் பணி இல்லையென்றால் மீன் இல்லை. எனவே வாங்குபவர் கேட்கவேண்டிய முதற்கேள்வி, மணிக்கு எத்தனை லிட்டர் என்பதன்று. உள்ளே எவ்வளவு பரப்பு இருக்கிறது, அந்தப் பரப்புக்கு உயிர்வளியுள்ள நீர் இடைவிடாது போய்ச் சேருமா என்பதே.

லிட்டர் கணக்கு அதற்கு அடுத்தது. தொட்டியின் கொள்ளளவைப்போல மணிக்கு நான்கைந்து மடங்கு நீர் சுழன்றால் பொதுவாகப் போதும் என்பது மீன் வளர்ப்போரிடையே வழங்கும் கணக்கு. 54 லிட்டர் தொட்டிக்கு 200 முதல் 270 வரை. சண்டைமீன் எனப்படும் பெட்டாவுக்கும் குஞ்சுகளுக்கும் அதுவும் மிகை. காற்று மோட்டாரில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்ட்டரின் மெல்லிய ஓட்டமே அவற்றுக்கு ஏற்றது. குஞ்சுகளை அது உள்ளே இழுப்பதும் இல்லை. தங்கமீன் மிகுதியாகத் தின்று மிகுதியாகக் கழிப்பது. 54 லிட்டரில் ஏழு என்பது எந்த ஃபில்ட்டருக்கும் பெருஞ்சுமை. விளிம்பில் தொங்கவிடும் ஃபில்ட்டரில் பஞ்சும் பீங்கான் வளையமும் சேர்த்து வைக்கலாம். நீர் அருவிபோல விழுவதால் காற்றும் கலக்கும். பெரிய தொட்டிக்கு, வெளியே வைக்கும் கேனிஸ்டர் வகை நிறைய இடம் தரும். அதிலும் அழுக்கைப் பிடிக்கும் பஞ்சை நீர் முதலில் கடக்க வேண்டும், வளையங்களைப் பிறகு. இல்லையேல் வளையங்களின் நுண்துளைகள் அடைபட்டுவிடும்.

அடுத்த கேள்வி ஊரைப் பொறுத்தது. சிஞ்ச்வட்டில், மின்பாதைப் பராமரிப்புக்காக வியாழக்கிழமைகளில் சில மணிநேரம் மின்சாரம் நிற்பதுண்டு. மூடிய கேனிஸ்டருக்குள் நீர் தேங்கினால், அங்குள்ள உயிர்கள் எஞ்சிய உயிர்வளியைச் சில மணிநேரத்தில் தீர்த்துவிட்டு மடியத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் நீர் முழுவதும் தொட்டிக்குள் வரும். தொட்டிக்குள்ளேயே நிற்கும் ஸ்பாஞ்ச், திறந்த நீரின் நடுவே இருப்பதால் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். மின்கலத்தில் இயங்கும் சிறு காற்று மோட்டார் ஒன்றிருந்தால் அன்றைய பொழுது கழிந்துவிடும். விலை கூடிய கருவியே எல்லா ஊருக்கும் சிறந்த கருவி என்றாகிவிடாது.

நீரின் இயல்பும் கணக்கில் வரும். கோடையில் லாரி நீரோ ஆழ்துளைக் கிணற்று நீரோ கலக்க நேரும். நீரின் காரத்தன்மை பி.எச். அளவில் ஒன்று கூடினால், நச்சு வடிவிலுள்ள அம்மோனியாவின் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகும். அதனால், பி.எச். 7 உள்ள நீரில் மீன் தாங்கிக்கொண்ட கழிவு, 8 உள்ள நீரில் அதைக் கொன்றுவிடக்கூடும்.

ஃபில்ட்டரை மாட்டிய பிறகு தேவைப்படுவது பொறுமை. பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் ஓர் இரவில் பெருகிவிடும். அம்மோனியாவை உண்பவை ஒரு முறை இரட்டிப்பாகவே அரை நாள், ஒரு நாள், சில வேளை அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். புதுத் தொட்டி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். புணேயின் குளிர்காலத்தில் இன்னும் தாமதமாகலாம். இயங்கிக்கொண்டிருக்கும் நோயற்ற தொட்டி ஒன்றின் பஞ்சைப் பிழிந்து ஊற்றினால் காலம் குறையும். உறை ஊற்றுதல் என்பது இதற்கும் பொருந்தும் சொல். கழுவவேண்டிய நாளில், தொட்டியிலிருந்து எடுத்த ஒரு வாளி நீரில் பஞ்சை இரண்டு முறை அமுக்கி எடுத்தால் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவக்கூடாது.

வீட்டுக் கூடத்தின் இந்தச் சிறு பெட்டிக்குள் இருப்பவற்றை அறிவியலும் இன்னும் அறிந்து முடிக்கவில்லை. நன்னீர்த் தொட்டி ஃபில்ட்டர்கள் பலவற்றில் அம்மோனியாவை மாற்றுவதில் முதலிடம் பாக்டீரியாவுக்கு இல்லை, ஆர்க்கியா என்னும் வேறொரு தொல்லுயிர் வகைக்கே என்று கனடாவிலிருந்து 2011-இல் ஓர் ஆய்வு வந்தது. அம்மோனியாவை நைட்ரேட்வரை தனியொருவராகவே மாற்றிவிடும் பாக்டீரியா உண்டு என்று 2015-இல் இரண்டு குழுக்கள் காட்டின. அவற்றுள் ஒரு குழு அதைக் கண்டெடுத்தது மீன்வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் ஒரு ஃபில்ட்டரிலிருந்து. இந்த வேலைக்கு இருவர் வேண்டும் என்ற நூறாண்டுப் பாடம் அங்கே திருத்தப்பட்டது.

பெரியவர் இப்போது இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்ட்டர்கள் வைத்திருக்கிறார். ஒன்றைக் கழுவும் மாதத்தில் மற்றதைத் தொடுவதில்லை. எஞ்சிய இரண்டு மீன்களோடு புதிதாக எதையும் சேர்க்கவில்லை. மாற்றும் நீரை ஒருநாள் முன்னதாக வாளியில் பிடித்துத் திறந்து வைக்கிறார். குளோரினை முறிக்கும் மருந்திலும் அளவு பார்த்துச் சில துளிகள் விடுகிறார்.

கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைத்தவர்கள் நம் முன்னோர். அந்தப் பெயருக்குள் இருக்கும் ‘தேறு’ என்ற வினைக்குத் தமிழில் பொருள்கள் பல. கலங்கல் தெளிவதும் தேறுதல். நோயாளி உடல்நலம் பெறுவதும் தேறுதல். முதற்பொருளைக் கண்ணால் பார்த்துவிடலாம். இரண்டாவதை அறிய நாள்கள் வேண்டும். மீன்தொட்டிக்கு ஃபில்ட்டர் தேடுபவர் கடைக்காரரிடம் கேட்கவேண்டியது, தண்ணீர் எப்போது தெளியும் என்பதன்று. எப்போது தேறும் என்பதே.