இசைத்தட்டின் நடுவட்டம்

பாட்டு வாங்குவது என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது சற்றுச் சிரமம். அவர்களின் கைபேசியில் பாட்டு குழாய்த் தண்ணீர்போல வருகிறது. எண்பதுகளின் கொட்டகலையில் எங்களுக்கு அது மாதத்துக்கொரு முறை செய்யும் கொள்முதல். அதற்கென்று ஹட்டன்வரை போக வேண்டும். பஸ்ஸில், அல்லது சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டைக் கடந்து ரயிலில்.

போய்ச் சேரும் இடத்துக்கு 'ரெக்கோடிங் பார்' என்று பெயர். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகுதான் கசெட் இயந்திரங்கள் தாராளமாக மலையேறி வந்தன. மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டிகள் கடைவீதி வீடுகளிலும் லயக் காம்பராக்களிலும் பாடத் தொடங்கின. அவற்றுக்குத் தீனி போட்டவை இந்தக் கடைகளே.

அறுபது நிமிட வெற்றுக் கசெட் ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். கொப்பித் தாளில் பாட்டுக்களின் பட்டியலை எழுதி, கூடவே நீட்ட வேண்டும். பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஏழு பாட்டு அடங்கும், எட்டாவது பாதியில் அறுபடும். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் பெரிய ஆலோசனையே நடக்கும். வாப்பாவுக்கு நாகூர் ஹனிபா மட்டும் போதும். உம்மாவுக்குப் பழைய படப் பாட்டு. எனக்கு இளையராஜா. ஒரு கிழமை கழித்துப் போனால் கசெட் தயாராக இருக்கும். தவறுதலாக அழிந்துவிடாதபடி அதன் முதுகிலுள்ள இரண்டு சிறு பற்களும் உடைக்கப்பட்டிருக்கும்.

கடை நானாவின் பின்னால் ஓர் அலுமாரி நிறைய இசைத்தட்டுக்கள். நிமிடத்துக்கு எழுபத்தெட்டு முறை சுழலும் கனத்த அரக்குத் தட்டுக்கள். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமளவுதான் பாடும். அவற்றுக்குப் பக்கத்தில் மெல்லிய வைனில் தட்டுக்கள். ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' வெளியிட்ட சிங்களப் பாட்டுக்கள் ஒரு தட்டில். தமிழ்நாட்டில் பிறந்து, இங்கு வந்து சிங்கள மக்களின் நெஞ்சில் இடம்பிடித்த மொஹிதீன் பேக் இன்னொரு தட்டில். சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து இளைஞர்கள், சிங்களச் சாரதிமார், எங்கள் கடைவீதிப் பையன்கள் என எல்லோரும் அந்த ஒடுங்கிய பலகையில் தோளுரசி நின்று பாட்டுக் கேட்டோம்.

எனக்குப் பிடித்தது தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம். அதில் பாடியவர் பெயர் இருக்கும். சிலவற்றில் இசையமைத்தவரும் பாட்டை எழுதியவரும் இருப்பார்கள். வாப்பாவின் கசெட்டுக்கு ஹனிபா பாட்டுக்களைப் பதியும்போது நானா தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். எழுதியவர் பெயர் இருந்தால், கசெட் அட்டையில் பாட்டுக்கு நேரே பொடி எழுத்தில் அதையும் எழுதுவார்.

"இது எதுக்கு நானா, ஹனிபான்னு போட்டா போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவர்ர கொரல எல்லாருக்கும் தெரியும் தம்பி. எழுதினவர இந்தப் பேர வெச்சித்தானே தெரியும்" என்றார்.

அந்தத் தொழிலின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரதி எடுக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எழுதியவருக்கோ பாடியவருக்கோ ஒரு சதமும் போகவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அந்தப் பொருளுரிமையைக் காப்பதோடு, பிரதிகளில் ஆக்கியோனின் பெயர் குறிக்கப்படுவதையும் ஓர் உரிமையாகச் சொல்கிறது. முதலாவதை நானா மீறினார். இரண்டாவதை, அந்தச் சட்டம் வருமுன்பே, தன்பாட்டில் பேணினார்.

பிறகு சீ.டி. வந்தது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கான பாட்டுக்களை ஒரே தட்டில் அடைத்த எம்.பி.த்ரீ வந்தது. பட்டியல் எழுதும் வேலை போயிற்று. நானாவின் கடையும் கைபேசி உறை விற்கும் கடையாயிற்று. பாட்டுக்கள் போய்விடவில்லை, முன்னைவிட எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் வட்டக் காகிதத்தில் இருந்த பெயர், கசெட் அட்டைக்கு வரும்போது பாதி உதிர்ந்தது. கைபேசிக்கு வரும்போது பெரும்பாலும் முழுதாகவே உதிர்ந்துவிட்டது. பாடலுக்கு முன் கவிஞரின் பெயரையும் சொல்லும் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் வழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும்.

2015இல் ஹனிபா மறைந்தபோது எத்தனையோ அஞ்சலிகள் படித்தோம். அது அவருக்கு உரியது. அவர் பாடிய 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடலை மதம் கடந்து எல்லோரும் அறிவர். அதை எழுதிய ஆர். அப்துல் சலாமை எத்தனை பேர் அறிவர்? அவருக்குப் பாட்டெழுதிய நாகூர்ப் புலவர் ஆபிதீனை? இலக்கியக் கூட்டங்களில் முஸ்லிம் கவிஞர்களின் பட்டியல் வாசிக்கிறோம். நம் வீடுகளில் அதிகம் ஒலித்த கவிதைகளை எழுதியவர்கள் அதில் பெரும்பாலும் இல்லை.

நம் வீட்டுப் பரண்களில் இன்னும் சில தட்டுக்களும் கசெட்டுக்களும் கிடக்கும். மலைநாட்டின் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து அவை பாடாமற் போயிருக்கலாம். ஆனாலும் பழைய சாமான்காரரிடம் கொடுக்குமுன் நடுவட்டத்தையும் அட்டையையும் ஒருதரம் துடைத்துப் படியுங்கள். எழுதியவர் பெயர் இருந்தால் ஒரு கொப்பியில் குறித்துவையுங்கள். வாப்பாவின் கசெட்டுக்களிலிருந்து நான் பதினொரு பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் நான்கு பேர் யாரென்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.