வீசிங்னா என்ன? ஒரு சின்ன த்ரெட்

1/ அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் எந்த கிளினிக்கிலும் பனிக்காலத்தில், அதுவும் போகிப் புகைக்குப் பிறகு, அடிக்கடி கேட்கும் வார்த்தை: "புள்ளைக்கு வீசிங் டாக்டர்." கூடவே வரும் கேள்வி: "வெறும் வீசிங்தானே, ஆஸ்துமா இல்லையே?"

2/ ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. வீசிங் நோயின் பெயரே இல்லை. அது ஒரு சத்தத்தின் பெயர். சீறுதல் என்று பொருள்படும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்திருக்கலாம் என்கிறார்கள் அகராதிக்காரர்கள்.

3/ நம்ம சொல்லும் அதே கதைதான். கடல் இரையுதுன்னு சொல்றோம்ல? அந்த இரைச்சல்தான் 'இரைப்பு'. கிரேக்கத்தில் 'ஆஸ்துமா' என்றாலும் மூச்சு வாங்குதல்தான். பேரைக் கேட்டு பயப்பட ஒண்ணுமில்லை.

4/ சத்தம் எப்படி வருது? மூச்சுக்குழாய் சுவர் வீங்கி, தசை இறுகி, சளி சேர்ந்து வழி குறுகிடுது. அந்தச் சந்தில் காற்று போகும்போது விசில் அடிக்குது. மூச்சை வெளியே விடும்போது அதிகமா கேட்கும்.

5/ எல்லா வீசிங்கும் ஆஸ்துமா இல்லை. சின்னக் குழந்தைகளுக்கு வைரஸ் சளியில் வரலாம். வேர்க்கடலை மூச்சுக்குழாயில் சிக்கினாலும் வரலாம். வயசானவங்களுக்கு இதயம் பலவீனமானாலும் வரலாம். அடிக்கடி வந்தா காரணம் என்னன்னு பாத்தே ஆகணும்.

6/ இதுதான் முக்கியம். மூச்சுத்திணறல் அப்படியே இருக்க, சத்தம் மட்டும் நின்னுட்டா "சரியாயிடுச்சு"ன்னு நினைக்காதீங்க. விசில் அடிக்கக்கூட காற்று போகலைன்னு அர்த்தம். ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை, விலா எலும்புக்கு நடுவே குழி விழுது, உதடு நீலமாகுது, புள்ளை சோர்ந்து தூங்கி வழியுது: உடனே 108.

7/ "இன்ஹேலர் பழக்கமாயிடும், மாத்திரை போதும்"னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. சால்பியூட்டமால் இன்ஹேலரில் ஒரு அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம், அதாவது 20 முதல் 40 மடங்கு. எது அதிக மருந்துன்னு நீங்களே சொல்லுங்க.

8/ வீசிங்னு சொல்லுங்க, இரைப்புன்னு சொல்லுங்க, பேர் எதுவா இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த முறை சத்தம் வரும்போது போன்ல ரெக்கார்ட் பண்ணி, சட்டையைத் தூக்கி நெஞ்சு தெரியுற மாதிரி ஒரு வீடியோவும் எடுத்துட்டு வாங்க. உங்க டாக்டருக்குப் பெரிய உதவி அது.