பொழுது சாய எழும் இறால்

கடல் காணா ஊரிற் பிறந்தோம் யாம். திண்டிவனத்திற்கு மேற்கே, ஏரிநீரால் நெல்லும் மழைநீரால் மணிலாவும் விளையும் வல்லமே எம் ஊர். கடல் எம்பால் வருவது கருவாட்டுக் கூடையில்தான். மரக்காணத்துப் பக்கமிருந்து வரும் மூதாட்டியார் ஒருவர், சென்னாக்கூனியை உழக்கால் அளந்து எம் அன்னையார்க்கு விற்பார்.

எமக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஒருநாள், "இஃது எங்கே அகப்படும், ஆயா?" என வினவினோம். "பகலெல்லாம் அடியிலே கிடக்கும், தம்பி, பொழுது சாய்ந்தால் மேலே வரும்" என்றார் அவர். யாம் நகைத்தோம். "கூலியாள்போல நாள்தோறும் போய் வருமோ?" என்று அண்டை வீட்டார் கேட்க எள்ளினோம். அவர் மறுமொழி ஒன்றும் கூறாது, கூடையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

அந்நகைப்பு எம்மைச் சுட்டது கல்லூரிக்கு வந்த பின்னரே. விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவர், இறால்களைப் பற்றிய நூலொன்றை எமக்கு விளக்கிக் காட்டினார். சென்னாக்கூனி கரையோரத்தது. அதன் குடும்பமாகிய செர்ஜெஸ்டிடேயைச் சேர்ந்த வேறு இறால்கள் கரை காணாப் பெருங்கடலில் வாழ்கின்றன. அவற்றுட் பல, பகலில் ஏறத்தாழ 400 முதல் 800 மீட்டர் ஆழத்தில் தங்கி, மாலையில் மேலெழுந்து, இரவை 200 மீட்டருக்குட்பட்ட மேனீரிற் கழித்து, விடியுமுன் இறங்குகின்றன. 5 சென்டிமீட்டர் நீளமுள்ள இறால் 500 மீட்டர் ஏறுமாயின், அது தன் உடலளவைப்போல் பதினாயிரம் மடங்கு செல்கின்றது. மனிதன் நாள்தோறும் 16 கிலோமீட்டர் ஏறி, மீண்டும் அத்துணைத் தொலைவு இறங்குவதை இஃது ஒக்கும். கூலியாளும் இத்துணை நடவான்!

இப்பயணத்தைப் பலரும் உணரச் செய்தது ஒரு போர். 1942-ஆம் ஆண்டில் கலிபோர்னியாக் கடலில், நீர்மூழ்கிகளைத் தேடும் பொருட்டு ஒலியை நீருட் செலுத்தி ஆராய்ந்தோர், அடித்தளத்திற்கு நெடுந்தொலைவு மேலேயே எதிரொலி தரும் ஒரு படலத்தைக் கண்டனர். 1945-ஆம் ஆண்டில் மார்ட்டின் ஜான்சன் என்னும் அறிஞர், அப்படலம் மாலையில் ஏறி வைகறையில் இறங்குவதைக் காட்டி, அஃது உயிர்க்கூட்டமே எனத் தெளிவித்தார். மீனும் இறாலும் பிறவும் அதன்கண் உள்ளன.

ஏறுவது உணவின் பொருட்டு. இறங்குவது உயிரின் பொருட்டு. நுண்பாசியும் அதனை உண்ணும் சிற்றுயிர்களும் மேனீரில் மிகுதி. ஆனால் பகலொளியில் ஆங்கிருப்பின் மீன்கள் எளிதிற் கண்டு விழுங்கும். ஆழத்திற்கேற்ற உடையையும் இவ்வுயிர்கள் பெற்றுள்ளன. மேற்பகுதியின உடல் ஊடுருவித் தெரிவன. சற்றுக் கீழுள்ளவை பாதி செம்மையன. இன்னும் கீழுள்ளவை முற்றும் செந்நிறத்தன. செவ்வொளி மேனீரிலேயே அடங்கிவிட, நீலவொளியே ஆழஞ் செல்லுமாதலின், ஆங்குச் செந்நிறம் கருமையாய்த் தோன்றி உடலை மறைக்கும். 1,000 மீட்டருக்கும் கீழே வாழ்வனவற்றுட் பல இப்பயணத்தை மேற்கொள்வதில்லை. பகலென்பதே எட்டாத இடத்தில் அவை எதற்கஞ்சி இறங்கும்? நிலவு நிறைந்த இரவில், மேலெழும் உயிர்களுட் பல சற்று ஆழத்திலேயே நின்றுவிடுகின்றன.

நெய்தற்கு எற்பாட்டைத் தொல்காப்பியம் சிறுபொழுதாக வகுத்ததைப் பாடங் கேட்டபோது, கதிரவன் சாயும் அவ்வேளை இரங்கற்கே உரியதென எண்ணியிருந்தோம். அவ்வேளையிலேதான் ஆழ்கடலின் பெருங்கூட்டம் ஒன்று உணவு தேடிப் புறப்படுகின்றது. முன்னோர் இதனையறிந்தே வகுத்தனர் என்று கூறத் துணியோம். ஆயினும் அப்பொழுதைப் பற்றிப் படிக்குந்தோறும், அம்மூதாட்டியாரின் சொல் எம் செவியில் ஒலித்தது. ஏட்டிற் கண்டபின் நம்பிய யாம், கடலருகே வாழ்ந்தவர் வாய்மொழியை ஏன் நம்பாது போனோம்?

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவரைத் தெருவிற் கண்டோம். கூடையை இறக்கக் கைகொடுத்து, "ஆயா, அன்று நீங்கள் சொன்னது மெய். சிரித்தது என் பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அவருக்கு அந்நாள் நினைவில் இல்லை. "எங்கள் வீட்டு ஆண்கள் வலையிற் கண்டதைச் சொல்லியிருப்பேன், தம்பி. அதற்கென்ன?" என்று கூறி, உழக்கை நிரப்பி, அதன்மேல் ஒரு பிடி கூடுதலாக இட்டார்.