கலாவின் பெயரால்

ஆகஸ்ட் 1, வெள்ளி

போன மாதம் பதினெட்டாம் தேதி மாயா அருள்பிரகாசத்துக்கு ஐம்பது வயது நிறைந்தது. உலகம் அவரை எம்.ஐ.ஏ. என்ற பாடகியாக அறியும். அன்றிலிருந்து அவருடைய இரண்டாவது ஆல்பமான 'கலா'வைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 2007 ஆகஸ்டில் வந்தது. இந்தத் தட்டின் வரலாற்றில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அது இந்த ஊரிலேயே அதிகம் பேசப்படவில்லை என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக இருக்கிறது. தோன்றுவதை அன்றன்று எழுதி வைக்கிறேன்.

கலா அவருடைய அம்மாவின் பெயர். 2005இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் 'அருளர்'. அது அப்பாவின் இயக்கப் பெயர். ஈழப் போராட்ட இயக்கங்களில் ஒன்றான ஈரோஸ் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். தலைமறைவு வாழ்க்கை. எப்போதாவது வீட்டுக்கு வந்தாலும், பாதுகாப்புக் கருதி, பிள்ளைகளிடம் உறவினர் என்றே அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். அப்படியென்றால் வீடு என்று ஒன்று இருந்தது அம்மாவால்தான். லண்டனில் பிறந்த மாயாவை ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய், இடையில் சென்னையில் சில காலம், மீண்டும் யாழ்ப்பாணம், கடைசியில் 1986 வாக்கில் மூன்று பிள்ளைகளோடு அகதியாக லண்டன். தெற்கு லண்டன் மிச்சம் பகுதியில் அரசுக் குடியிருப்பு. தையல் வேலை. பிரிட்டிஷ் அரசு வழங்கும் பதக்கங்களைக் கையால் தைத்துக் கொடுப்பவர்களில் அம்மாவும் ஒருவர் என்று மாயா பின்னாளில் சொன்னார். 2019இல் அதே அரசு மகளுக்கு எம்.பி.இ. விருது அறிவித்தபோது, அம்மா செய்த வேலைக்கு மரியாதையாகவே அதை ஏற்கிறேன் என்ற பொருளில் பேசினார்.

'கலா'வில் உள்ள 'ஜிம்மி' பாட்டு அம்மா வீட்டு நினைவிலிருந்து வருவது. அதன் மூலம் 1982இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' இந்திப் படத்தில் பப்பி லஹிரி இசையில் பார்வதி கான் பாடியது. சிறுமியாக விசேஷ வீடுகளில் மாயா ஆடிய பாட்டு. அதே மெட்டை எடுத்துக்கொண்டு, இனக்கொலை நடந்த நாடுகளைப் பார்த்து வரலாம் வா என்று ஒரு பத்திரிகையாளர் அழைத்ததை வரிகளாக்கியிருக்கிறார். மெட்டு கொஞ்சுகிறது, வரி உறுத்துகிறது. இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவதைக் கேட்க இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து உறுமி மேளம் வந்திருந்தது. இடை சிறுத்த உடுக்கை வடிவம், இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்துத் தேய்த்து அந்த அடிவயிற்று ஒலியை எழுப்ப, மறு பக்கத்தில் நேர்குச்சி அடி விழுந்துகொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் 'கலா'வைப் பற்றி எழுதியவர்கள் அதில் ஒலிக்கும் உறுமியைக் கானாவின் வாத்தியம் என்று எழுதினார்கள். கானா சென்னையின் சொத்து. அதில் உறுமி ஒலிக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறுமி வளர்ந்த இடம் தெற்கே நையாண்டி மேளமும் தேவராட்டமும் சாமியாட்டமும். அருள் இறக்குகிற வாத்தியம் அது. தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களோடு மலேசியாவுக்கும் போய், அங்கே இளைஞர்கள் குழு குழுவாக வாசிக்கும் தனி இசையாகவே இன்று நிற்கிறது.

ஓய்வில் உட்கார்ந்திருந்த மூத்த கலைஞரிடம் போய், "அண்ணே, ஒரு பாட்டு கேக்குறீங்களா?" என்று 'கலா'வின் 'பேர்ட் ஃப்ளூ'வைப் போட்டேன். காதோரம் போனை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். கோழிகள் கொக்கரிக்கும், பிள்ளைகள் கத்துவார்கள், நடுவே மேளம் மேளத்தின்மேல் ஏறி வரும். முடிந்ததும், "நம்மாளுக அடிதாம்மா. அதுல சந்தேகமே இல்ல. ஆனா மூச்சு விட எடமே குடுக்கலையே. வெட்டி வெட்டி ஒட்டியிருக்காக. நாங்கன்னா சாமி எறங்குறதுக்குக் கொஞ்சம் நின்னு குடுப்போம்" என்றார்.

இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. நின்று கொடுக்காததுதான் அந்தப் பாட்டின் பலம். இறங்க இடமில்லாமல் அந்தரத்திலேயே வைத்திருக்கிறது. அதில் 'ஜெயம்' படத்துத் திருவிழாப் பாட்டின் ஒரு துண்டும் இருக்கிறது, ஆர்.பி. பட்நாயக் இசையமைத்தது. காட்சிப்படம் எடுத்தது ராமேஸ்வரம் பக்கம் மீனவர் குடியிருப்பில். அக்கரைக்கும் இக்கரைக்கும் மிகக் குறைந்த தூரம் உள்ள கரையைத் தேர்ந்தெடுத்ததை ஈழத்துப் பெண்ணின் தற்செயலான தேர்வாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த ஆல்பம் இப்படி உருவாக வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. அமெரிக்காவில் இசைத் தயாரிப்பாளர் டிம்பலாண்டுடன் உட்கார்ந்து பெரும்பகுதியை முடிப்பதாக ஏற்பாடு. அப்போது ராப், ஆர் அண்ட் பி உலகில் அவர் தொட்டதெல்லாம் முதலிடம் பிடித்த காலம். 2006இல் மாயாவுக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டது. கதவு மூடியதும் அவர் லண்டனில் காத்திருக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவிகளோடு கிளம்பிவிட்டார். சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா, ஜப்பான். கூடவே ஸ்விட்ச் என்ற பெயரில் இயங்கும் பிரிட்டிஷ் தயாரிப்பாளர் டேவ் டெய்லர். பின்னால் விசா கிடைத்து டிம்பலாண்டுடன் செய்த ஒரே பாட்டு தட்டின் கடைசியில் இருக்கிறது. என் காதுக்கு அதுதான் இருப்பதிலேயே சுமார். மற்றப் பாட்டுகளில் ஊர் இருக்கிறது. அதில் ஸ்டுடியோ மட்டுமே இருக்கிறது. விசா அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தால் தட்டு முழுக்க அப்படியே ஆகியிருக்கும் என்று நினைக்கையில் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

சென்னையில் ஏ.ஆர். ரகுமானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை நடந்தது. முப்பது பேர் மேளம் வாசித்ததாக மாயா சொல்லியிருக்கிறார். 'பாய்ஸ்' பாட்டின் மேளமும் அந்தச் சென்னைப் பதிவிலிருந்து வந்தது. அதன்மேல் டிரினிடாட் சோகாவின் துள்ளலை ஏற்றி, காட்சிப்படத்தை ஜமைக்காவின் கிங்ஸ்டனில் எடுத்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஊர்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய தீவு டிரினிடாட். அந்தத் தாளமும் இந்தத் தாளமும் பொருந்துவதில் எனக்கு வியப்பில்லை.

முதல் பாட்டான 'பாம்பூ பாங்கா'வில் 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு' கேட்கும். 1991இன் இளையராஜா. பொங்கல் பாட்டுக்கான அந்தக் கூட்டத்து ஆர்ப்பரிப்பை வெட்டி எடுத்து, லண்டன் நெடுஞ்சாலை வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் வில்கானியா என்ற சிற்றூரின் பழங்குடிச் சிறுவர்கள் ஆற்றில் மீன் பிடிப்பதைப் பற்றிப் பாடியிருந்த பாட்டை எடுத்து, அவர்களை முன்னால் நிறுத்தித் தான் பக்கத்தில் நின்று பாடுகிறார். 'ஹஸல்' பாட்டில் நைஜீரிய வேர் கொண்ட லண்டன் இளைஞர் ஆஃப்ரிகன் பாய் பாதிப் பாட்டைத் தன் வசமாக்கிக்கொள்கிறார். லைபீரியாவுக்குப் போய்ச் சிறார் படையில் இருந்தவர்களைச் சந்தித்து வந்த பிறகு எழுதியது '20 டாலர்'. அன்று அங்கே ஒரு ஏகே துப்பாக்கியின் விலை அது என்கிறது பாட்டு.

இதெல்லாம் சுற்றுலாப் பொருள் சேகரிப்பு என்று அன்றே சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. சுற்றுலாக்காரருக்குத் திரும்பிப் போக ஊர் உண்டு.

ஆகஸ்ட் 6, புதன்

ஒலிப்பொறியியல் படிக்கும் அண்ணன் மகள் வந்திருந்தாள். ஹெட்போனில் 'பாய்ஸ்' கேட்டுவிட்டு, "அத்தை, மேளத்தைப் பின்னாடி அலங்காரமா வெக்கல. பேஸ் இருக்கற எடத்துல தூக்கி வெச்சிருக்காங்க. மத்த எல்லாம் அதுமேல நிக்குது. யார் ப்ரொட்யூஸ் பண்ணது?" என்று கேட்டாள்.

"ஸ்விட்ச்சும் அவங்களும்."

"அவங்களேவா?"

அந்த 'அவங்களேவா'வுக்கு நீண்ட வரலாறு உண்டு. 'அருளர்' வந்தபோது அதன் பெருமையை டிப்லோ என்ற அமெரிக்க டி.ஜே.யின் கணக்கில் எழுதினார்கள். அந்தத் தட்டில் அவர் பங்கு ஒரு பாட்டில். அதற்குமுன் 2004இல் இருவரும் சேர்ந்து ஒரு கலவை நாடாவை வெளியிட்டிருந்தார்கள், அவ்வளவுதான். முதல் பாட்டுகளை மாயா ரோலண்ட் எம்சி-505 என்ற சிறிய கருவியை வைத்துத் தானே தட்டித் தட்டிப் போட்டவர். 'கலா' வந்த அதே மாதத்தில் பிட்ச்ஃபோர்க் பேட்டியில் இதைக் கோபமாகவே சொன்னார். ஒரு பெண், அதுவும் வளராத நாட்டிலிருந்து வந்த ஒரு பெண், தன் ஒலியைத் தானே யோசித்திருக்க முடியாதா என்பது அவர் கேள்வியின் சாரம். புதுத் தட்டு விற்க வேண்டிய நேரத்தில் பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்கிறாரே என்று சலித்துக்கொண்டவர்களும் உண்டு. அன்று அவர் பேசியிருக்காவிட்டால் 'கலா'வும் வேறொருவர் பெயரில்தான் நின்றிருக்கும். சரியான நேரத்தில் பேசினார் என்றே நினைக்கிறேன்.

அண்ணன் மகளிடம் அந்தப் பேட்டியைத் தேடிக் கொடுத்தேன். படித்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை. அவள் வகுப்பில் பெண்கள் மிகக் குறைவு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வரவேற்பைப் பற்றி. பிரிட்டனில் 39ஆம் இடம், அமெரிக்காவில் 18ஆம் இடம். விற்பனையில் பெரிய புயல் ஏதும் இல்லை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றது. அத்தோடு முடிந்திருக்கும். பிறகு இதே தட்டின் 'பேப்பர் ப்ளேன்ஸ்' பாட்டு.

1982இல் பிரிட்டிஷ் பங்க் குழுவான தி க்ளாஷ் வெளியிட்ட 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' பாட்டின் மெல்லிய கிதார் மீது எழுந்தது அது. மூலப் பாட்டே குடியேறிகளைப் பற்றியது. விசாவுக்காக அலைந்த கோபத்தில், குடியேறி வருபவனைத் திருடனாகவும் கொலைகாரனாகவும் பார்க்கிற கண்ணுக்கு முன்னால் அந்த வேடத்தையே போட்டுக் காட்டுகிறார். பல்லவியில் பிரிக்ஸ்டன் பிள்ளைகள் பாடுகிறார்கள். இடையில் துப்பாக்கி வெடிக்கும், கடைக் கல்லாப்பெட்டி திறக்கும். அந்த வெடிச்சத்தத்தை எம்.டி.வி. மாற்றி ஒலிபரப்பியது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மேன் நிகழ்ச்சியிலும் அதே கதிதான். மற்ற ராப் பாட்டுகளில் துப்பாக்கி பெருமை பேசலாம். ஒரு தமிழ் அகதிப் பெண் பாட்டில் அது கேள்வியாக வெடித்தபோது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

2008இல் 'பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்' படத்தின் முன்னோட்டத்தில் பாட்டு வந்தது, பிறகு 'ஸ்லம்டாக் மில்லியனர்'. தட்டு வெளியாகி ஓராண்டு கழித்து அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. ஜே-இசட், கன்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. நால்வரும் சேர்ந்து செய்த பாட்டு ஒன்று மாயாவின் குரல் துண்டின் மீதே எழுப்பப்பட்டது. இலங்கை வம்சாவளி அமெரிக்க ராப்பர் ஒருவர் அவரைப் பயங்கரவாத ஆதரவாளர் என்று குற்றம்சாட்டிக் காணொளி வெளியிட்டார். தான் பயங்கரவாதத்தை ஆதரிப்பவரல்ல என்று மாயா மறுத்தார். ஆனால் புகழ் உயர உயர அந்தக் கேள்வியும் கூடவே வந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இலங்கையில் போர் உச்சத்தில் இருந்த 2009இன் தொடக்கத்தை எழுதாமல் இதை முடிக்க முடியாது.

ஜனவரியில் மாயா அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்டியாளர் டாவிஸ் ஸ்மைலியின் முன் உட்கார்ந்து, வன்னியில் தமிழர்கள் கொல்லப்படுவது இனப்படுகொலை என்று சொன்னார். அதே மாதம் 29ஆம் தேதி இங்கே சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் என்ற இளைஞர் ஈழத் தமிழர்களுக்காகத் தீக்குளித்து இறந்தார். பிப்ரவரி முதல் வாரத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது எறிகணைகள் விழுந்ததைச் செஞ்சிலுவைச் சங்கம் உலகத்துக்கு அறிவித்தது. பிப்ரவரி 8, கிராமி மேடை. நிறைமாத வயிற்றோடு மாயா அந்த ராப்பர்கள் நால்வர் நடுவே நின்று பாடினார். ஆண்டின் சிறந்த பதிவுக்கான பட்டியலில் 'பேப்பர் ப்ளேன்ஸ்' இருந்தது. விருது வேறு பாட்டுக்குப் போனது. மூன்றாம் நாள் குழந்தை பிறந்தது. அடுத்த நாட்களில் பத்திரிகைகள் அவர் உடுத்தியிருந்ததைப் பற்றி எழுதித் தீர்த்தன. பாட்டு எல்லாக் கடைகளிலும் ஒலித்தது. பாடியவர் சொன்னதை அதே காதுகள் வாங்கிக்கொள்ளவில்லை. இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு எரிகிறது.

ஆஸ்கர் பரிந்துரை வந்ததும் நம் ஊரிலும் அவர் பெயர் அடிபட்டது. ரகுமானோடு செய்த 'ஓ சாயா' பாட்டுக்காக. அதற்கு முன்பே கோயில் தெருக்களின் உறுமியை உலகத்தின் நடன அரங்குகளுக்குக் கொண்டுபோய் வைத்த 'கலா'வைப் பற்றி அப்போதும் பேச்சில்லை. சினிமா வழியாக வந்தால்தான் நமக்குப் பாட்டு.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். தன் உழைப்பு ஆண்களின் பெயரில் போவதைப் பொறுக்காத மாயாவின் பேட்டிகளை நிறையப் படித்திருக்கிறேன். நான் படித்தவற்றில் சென்னையில் வாசித்தவர்கள் 'முப்பது பேர்' என்றுதான் வருகிறார்கள். அவர் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் இந்தக் குறை உறுத்துகிறது. அந்தக் குழுவின் இளையவருக்கும் இன்று நாற்பது வயதாவது ஆகியிருக்கும். மூத்தவர்கள் இருக்கிறார்களோ இல்லையோ.

மாலையில் அந்த உறுமி அண்ணனுக்குப் போன் போட்டேன். விவரம் சொன்னதும், "கோடம்பாக்கம் ரெக்கார்டிங்குக்கு மேளம் கூட்டிட்டுப் போற ஏஜெண்டு ஒருத்தர் இருந்தாரும்மா, விசாரிச்சுப் பாக்குறேன்" என்றார். பெயர்கள் கிடைக்கக் கிடைக்க எழுதி வைக்கப்போகிறேன். ஊர், குடும்பம், யாரிடம் தொழில் படித்தார்கள், அன்று எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்பதெல்லாம் கேட்க வேண்டும். ஆவணி பிறந்ததும் மதுரைக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் மகளும் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு கூட வருகிறாள்.