பூடோ என்ற ஊரும் ஒரு பழைய விதியும்

எனக்குக் கால்பந்து ஆட வராது. பார்க்க மட்டும் வரும். சிறு வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. காலைக் காபியோடு 'லெக்கிப்' என்ற பிரெஞ்சு விளையாட்டு நாளிதழை ஒரு புரட்டுப் புரட்டாவிட்டால் எனக்குப் பொழுது விடிந்தது போல இருக்காது. முன்பெல்லாம் யாராவது பிரான்சிலிருந்து வரும்போது கொண்டுவரும் பழைய தாள். இப்போது பேரன் பழக்கிவிட்ட டேப்லெட்.

2022 தொடக்கத்தில் அதில் ஒரு செய்தி வந்தது. வட பிரான்சில் இருக்கும் லான்ஸ் கிளப், பாட்ரிக் பெர்க் என்ற நார்வேக்காரரை வாங்கியிருந்தது. அவர் அதுவரை ஆடிய கிளப்பின் பெயர் பூடோ கிளிம்ட். சில மாதங்களுக்கு முன்புதான் அந்த அணி இத்தாலியின் ரோமாவை 6-1 என்று அடித்திருந்தது. அது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அதுவரை தேடிப் பார்த்ததில்லை. அன்றைக்கு அட்லஸை எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்து மூன்று வருஷமாக அந்தக் கிளப்பின் கதையைத் துண்டு துண்டாகப் படித்து வருகிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கால்பந்தில் விருப்பம் இல்லாதவர்களும் கொஞ்சம் பொறுத்துப் படிக்கலாம். இது பந்தைவிட ஃபைலைப் பற்றிய கதை.

பூடோ, நார்வேயின் வடபகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே கடலோரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேர் வசிக்கும் ஊர். கோடையில் சில வாரங்கள் சூரியன் மறைவதே இல்லை. டிசம்பரில் பகல் என்பது சில மணி நேர மங்கல் வெளிச்சம்தான். 1940 மே 27 அன்று ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டதில் ஊரின் பெரும்பகுதி அழிந்துபோனது. இன்று இருப்பது போருக்குப் பிறகு மறுபடி கட்டிய ஊர்.

கிளப் 1916-ல் தொடங்கியது. அப்போது வெறும் கிளிம்ட். பளிச்சென்று மின்னி மறையும் ஒளிக்கு நார்வே மொழியில் அந்தப் பெயர். பிரெஞ்சில் 'எக்லேர்' என்போம். தமிழில் மின்னல் கீற்று என்று வைத்துக்கொள்ளலாம். அதே பெயரில் இன்னொரு கிளப்பும் இருந்ததால் 1948-ல் ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார்கள். மஞ்சள் சட்டை அணிந்து ஆடுவார்கள். ரசிகர்கள் கையில் ஆள் உயரத்துக்கு மஞ்சள் பல்துலக்கும் பிரஷ்! 1970-களில் ரசிகர்களின் கோஷத்தை நடத்தியவர் கையில் ஒரு பெரிய பிரஷ் இருந்ததாம். அது அப்படியே ஊரின் அடையாளமாகிவிட்டது.

இனி விதிக்கு வருகிறேன். நார்வேயின் தேசியக் கோப்பைப் போட்டி 1902-ல் தொடங்கியது. ஆனால் வடநார்வே கிளப்புகளை அதில் சேர்த்தது 1963-ல்தான். அறுபது வருஷம்! அதுவரை வடக்கத்தியர்கள் தங்களுக்குள் தனியாக ஒரு கோப்பை வைத்து ஆடிக்கொண்டார்கள். தூரத்தைக் காரணமாகச் சொன்னால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ரயில் பாதையே 1962-ல்தான் பூடோவுக்கு வந்து சேர்ந்தது. ஆனால் லீக்கில், அதாவது முதல் டிவிஷனில், வடக்கத்திய அணி நுழைய 1972 வரை வழியே கிடையாது. தெற்கத்திய அணிகளுக்கு ஈடாக இவர்களால் ஆட முடியாது என்ற எண்ணம்தான் அதற்கு அடிப்படை. ஆடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்ன தீர்ப்பு அல்ல. ஆடவிடாமலேயே சொன்ன தீர்ப்பு.

1972-க்குப் பிறகும் கதவு முழுசாகத் திறக்கவில்லை. இரண்டாம் டிவிஷனில் மூன்று பிரிவுகள்: தெற்கே இரண்டு, வடக்கே ஒன்று. தெற்கே முதலிடம் பிடித்த இரண்டு அணிகளும் நேராக மேலே போகும். வடக்கே முதலிடம் பிடித்த அணியோ, தெற்கே இரண்டாமிடம் பிடித்தவர்களோடு தனியாக ஆடி ஜெயித்தால்தான் மேலே போகலாம். அதாவது இவர்களின் முதலிடமும் அவர்களின் இரண்டாமிடமும் ஒன்று. 1974-லும் 1975-லும் கிளிம்ட் தன் பிரிவில் முதலாக வந்தும் இந்தத் தடையில் தடுக்கி விழுந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 1975-ல் அவர்கள் தேசியக் கோப்பையை வென்றுவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் வார்ட் அணியை 2-0 என்று தோற்கடித்து, வடக்கிலிருந்து அந்தக் கோப்பையை எடுத்த முதல் அணி ஆனார்கள். கோப்பையை வென்றதால் மறுவருஷம் ஐரோப்பியப் போட்டியில் இத்தாலியின் நாப்போலியோடு ஆடும் தகுதி கிடைத்தது. நாப்போலியோடு ஆடலாம், சொந்த நாட்டின் முதல் டிவிஷனில் ஆடக் கூடாது! ஒருவழியாக 1976-ல் மேலே ஏறினார்கள். 1977-ல், ஏறிய முதல் வருஷமே, லீக்கில் இரண்டாமிடம். கோப்பையிலும் இறுதி ஆட்டம் வரை போனார்கள். ஈடாக ஆட முடியாது என்று சொன்ன அணி இது. சில வருஷங்களில் அந்தத் தனி விதியை எடுத்துவிட்டார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

என் சொந்தக் கதையை இரண்டு வரி சொல்ல வேண்டும். நான் அரசாங்க ஆபீசில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தவன். யு.டி.சி. பிரமோஷனுக்கு என் பெயர் வந்தபோது, நான் பிரெஞ்சில் படித்து வாங்கிய 'பிரெவே' சான்றிதழ் எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று காட்டும் உத்தரவு ஃபைலில் இல்லை என்று யாரோ நோட் போட்டார்கள். எனக்கு வேலை தெரியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆபீசில் பிரெஞ்சுப் பத்திரங்கள் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் விதியில் எனக்கு இடமில்லை. உத்தரவு தேடிக் கிடைத்து, ஃபைல் மேலே போய்க் கீழே வந்து முடிய நான்கு வருஷம் ஆனது. அதற்குள் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் சீனியாரிட்டி லிஸ்டில் எனக்கு மேலே போய்விட்டார்கள். அதை அப்புறம் யாராலும் சரிசெய்ய முடியவில்லை.

இருக்கட்டும், கிளிம்ட்டுக்கு வருகிறேன். விதி போனதும் எல்லாம் நேராகிவிடவில்லை. 1980-ல் மறுபடி கீழே இறங்கினார்கள். திரும்பி வரப் பன்னிரண்டு வருஷம் ஆனது. வந்த வருஷமே, 1993-ல், லீக்கில் இரண்டாமிடமும் கோப்பையும். 2003-ல் மறுபடி இரண்டாமிடம். 2005-ல் மறுபடி கீழே. ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்தது. 2010 வாக்கில் பணம் அடியோடு வற்றி, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத நிலை. நார்வேயில் காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் சில்லறை கிடைக்கும். ஊர்க்காரர்கள் அப்படிப் பாட்டில் பொறுக்கிப் பணம் சேர்த்தார்கள். கிளப் மூழ்காமல் தப்பியது.

2016-ல் மறுபடி கீழே. அடுத்த வருஷம் ஒரு விசித்திரமான ஆளைக் கூட்டி வந்தார்கள். பியோர்ன் மான்ஸ்வெர்க் என்ற போர் விமானி. பூடோவில் பெரிய விமானப்படைத் தளம் ஒன்று இருந்தது. அங்கே எஃப்-16 ஓட்டியவர். அவருக்குக் கால்பந்து நுணுக்கம் எதுவும் தெரியாது. ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து மனசைப் பற்றிப் பேசுவார். ஜெயிப்பது தோற்பது பற்றிப் பேசாதீர்கள், கையில் இருக்கும் வேலையைப் பாருங்கள் என்பதுதான் அவர் பாடத்தின் சாரம். ஒரு கோல் வாங்கிவிட்டால் அணி முழுக்க வட்டமாகக் கூடி நின்று பேசிவிட்டுத்தான் கலையும். டிவியில் நீங்களே பார்க்கலாம்.

உல்ரிக் சால்ட்னெஸ் என்று ஓர் ஆட்டக்காரர். ஆட்டம் என்றாலே வயிற்று வலி வந்துவிடும். கால்பந்தையே விட்டுவிடலாம் என்று நினைத்தவர், மான்ஸ்வெர்க்கோடு பேசத் தொடங்கிய பிறகு தங்கிவிட்டார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2018-ல் ஷெட்டில் க்னுட்சென் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2020-ல் கிளிம்ட் முதல் முறையாக லீக் சாம்பியன். 30 ஆட்டத்தில் 26 வெற்றி, ஒரே ஒரு தோல்வி, 103 கோல். நார்வே லீக்கின் சரித்திரத்தில் வடக்கிலிருந்து வந்த முதல் சாம்பியன் அவர்கள்தான். பிறகு 2021, 2023, 2024 என்று மொத்தம் நான்கு முறை. நடுவில்தான் அந்த 6-1. எதிரில் ரோமாவின் பயிற்சியாளராக நின்றவர் மொரின்யோ. அவர் நடத்திய எந்த அணியும் அதற்குமுன் ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கியதில்லை.

பாட்ரிக் பெர்க் விஷயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. அவருடைய தாத்தா ஹரால்ட் பெர்க் அந்தக் காலத்தில் வடக்கில் மேலே போக வழியில்லாததால் ஒஸ்லோவின் லின் கிளப்புக்கும், பிறகு ஹாலந்தின் டென் ஹாக்குக்கும் போய் ஆடினார். 1974-ல் ஊருக்குத் திரும்பி, 1975 கோப்பையை வென்ற அணியில் இருந்தார். அப்பா ஓர்யானும் வெளிநாடுகளில் ஆடிவிட்டு ஊர் திரும்பியவர். பேரன் பாட்ரிக்கோ லான்ஸில் ஒரு வருஷம்கூட முழுசாக இருக்கவில்லை; அதே வருஷம் பூடோவுக்கே வந்துவிட்டார். தாத்தா காலத்தில் முன்னேற வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போக வேண்டும். பேரன் காலத்தில் முன்னேற ஊருக்குத் திரும்பி வரலாம். அந்தக் குடும்பத்தின் கதையிலேயே கிளப்பின் கதை முழுக்க அடங்கிவிடுகிறது.

2025-ல் யூரோப்பா லீக் காலிறுதியில் இத்தாலியின் லாசியோவை பெனால்டியில் தோற்கடித்தார்கள். பூடோவில் நடந்த முதல் ஆட்டத்தில் இரண்டு கோலையும் போட்டவர், அந்த வயிற்று வலிக்காரர் சால்ட்னெஸ். ஐரோப்பியப் போட்டி ஒன்றில் அரையிறுதிக்கு வந்த முதல் நார்வே அணி என்ற பெயரும் கிடைத்தது. அரையிறுதியில் டாட்டன்ஹாமோடு லண்டனில் 3-1 என்று தோல்வி. அங்கே விழுந்த ஒரு கோலும் சால்ட்னெஸ் போட்டதுதான். மறுவாரம் பூடோவில் நடந்த ஆட்டத்தை நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டிப் பார்த்தேன். "இந்த வயசில் இது எதற்கு" என்று வீட்டில் முணுமுணுப்பு. எட்டாயிரம் பேர்தான் உட்காரக்கூடிய சின்ன மைதானம். மஞ்சள் கடல். 2-0 என்று தோற்றுப்போனார்கள்.

டிவியை அணைத்த பிறகும் தூக்கம் வரவில்லை. தோல்வியால் அல்ல. வேறொரு ஃபைல் நினைவுக்கு வந்தது. நான் யு.டி.சி. ஆகிச் சில வருஷம் கழித்து, என் மேஜைக்கு ஒரு பியூன் பையனின் விண்ணப்பம் வந்தது. அவன் தபால் வழியில் படித்து வாங்கிய சான்றிதழ். எல்.டி.சி. பதவிக்குக் கேட்டிருந்தான். சமநிலை உத்தரவு இணைக்கப்படவில்லை என்று நோட் போட்டுத் திருப்பி அனுப்பினேன். விதிப்படி அது சரியான நோட்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எனக்கு அந்த உத்தரவை எங்கே தேடுவது என்று தெரியும். நான்கு வருஷம் தேடியவன் நான். ஒரு வார்த்தை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் பட்டதை அவனும் படட்டும் என்று நினைத்தேனா, நினைக்கவே இல்லையா என்பது இன்று எனக்கே தெரியவில்லை. அவன் மறுபடி விண்ணப்பிக்கவில்லை.

வடநார்வேக்காரர்களைத் தடுத்த அந்த விதியையும் யாரோ ஒரு குமாஸ்தாதான் தட்டச்சு செய்திருப்பான். அவனும் நல்லவனாகவே இருந்திருப்பான். 

டாட்டன்ஹாமிடம் கிளிம்ட் தோற்றது. தோற்பதற்கும் முதலில் ஆட விட வேண்டுமே.